கம்ப்யூட்டரில் சத்தம் போய்விட்டதா? ஃபார்மட் செய்யும் முன் பாருங்கள்

டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் ஸ்பீக்கர் சின்னத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. வீடியோவில் வாய் அசைகிறது, பேச்சு கேட்கவில்லை. ஆன்லைன் வகுப்பில் பிள்ளை திரையைப் பார்த்து விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சின்னத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் ஆடியோ சர்வீஸ் ஓடவில்லை என்று ஒரு வரி வருகிறது. இந்த நேரத்தில் யாராவது ஒருவர் "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்" என்று சொல்லிவிடுவார். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஃபார்மட் செய்தால் பழுது போகும், அதோடு பல வருடப் படங்களும் கணக்கு வழக்குகளும் போக வாய்ப்புண்டு. ஆடியோ சர்வீஸ் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். அது வேறு சில சர்வீஸ்களை நம்பி இருக்கிறது. அவற்றில் ஒன்று கிளம்பாததால், அல்லது யாரோ எதையோ மாற்றிவைத்ததால், இதுவும் நின்றுபோகிறது. எது நின்றது என்பதை விண்டோஸே ஓர் எண் போட்டுச் சொல்கிறது. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். பழைய விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு வித்தியாசம் வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். சுலபமாகப் பழையபடி திருப்பிக்கொள்ளக்கூடிய வேலைகளை முதலிலும், திருப்ப முடியாதவற்றைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

1. ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதும் ரீஸ்டார்ட் கொடுப்பதும் ஒன்றல்ல. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் அடிப்படைப் பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அதே நிலைதான் திரும்ப வரும், சிக்கலும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். "நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சரியாகலை" என்று சொல்பவர்கள் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். ஷட் டவுன்தான் வேண்டும் என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே அதைச் சொடுக்குங்கள். அப்போது முழுமையாக அணையும்.

2. திரையில் வரும் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். சத்தம் இல்லை என்பது ஒன்றுதான், ஆனால் காரணங்கள் வேறு வேறு. ஆடியோ சர்வீஸ் இயங்கவில்லை என்று வந்தால் இந்தக் குறிப்புகள் அப்படியே உங்களுக்குத்தான். ஆடியோ சாதனம் எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை என்று வந்தால் அது டிரைவர் பிரச்சினை. நேரே 8-ஆம் குறிப்புக்குப் போங்கள். ஸ்பீக்கரோ ஹெட்போனோ செருகப்படவில்லை என்று வந்தால் பின்னையும் துளையையும் பாருங்கள். பெருக்கல் குறியே இல்லாமல் சத்தம் மட்டும் இல்லை என்றால், சத்தம் வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரோ டிவியோ மாட்டியிருந்தால் விண்டோஸ் அதையே ஸ்பீக்கராக எடுத்துக்கொள்வது வழக்கம். பக்கத்து அறையில் ஆன் ஆகிக் கிடக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கருக்கும் போயிருக்கலாம். ஸ்பீக்கர் சின்னத்தைச் சொடுக்கி, எந்தச் சாதனம் தேர்வாகியிருக்கிறது என்று பார்த்து மாற்றினால் போதும்.

3. கம்ப்யூட்டர் சேஃப் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் ஆடியோ சர்வீஸ் கிளம்பாது, கிளம்பவும் கூடாது. நாமாகக் கிளப்பப் போனால் 1084 என்ற எண் வரும். திரையின் நான்கு மூலைகளிலும் சேஃப் மோட் என்று எழுதியிருந்தால் பழுது என்று எதுவும் இல்லை. சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

4. இனி சர்வீஸ்கள் இருக்கும் இடத்துக்கே போகலாம். ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சர்வீசஸ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் பற்சக்கரச் சின்னத்தோடு ஒரு பெயர் வரும். அதை ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் கணக்கில் திறந்தால் பட்டியல் தெரியும், ஆனால் கிளப்பும் பட்டன் மங்கிப்போய்க் கிடக்கும்.

அகர வரிசையில் கீழே போனால் அடுத்தடுத்து இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று விண்டோஸ் ஆடியோ, மற்றது விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர். இரண்டாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஸ்பீக்கர், மைக், ஹெட்போன் என்று உங்கள் கம்ப்யூட்டரில் சத்தம் போகும் வழி, வரும் வழி எவை என்று கண்டறிந்து பட்டியல் போட்டுத் தருவது அந்த இரண்டாவது சர்வீஸ்தான். விஸ்டா விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஆடியோ அமைப்பை அடியோடு மாற்றியபோது அது வந்து சேர்ந்தது. அது நின்றிருந்தால் விண்டோஸ் ஆடியோவை என்ன தட்டினாலும் கிளம்பாது.

இரண்டுக்கும் நேரே ஸ்டேட்டஸ் பத்தியில் ரன்னிங் என்றும், ஸ்டார்ட்அப் டைப் பத்தியில் ஆட்டோமேட்டிக் என்றும் இருக்க வேண்டும். டிஸேபிள்டு என்று இருந்தால் பெயரை இரட்டைக் கிளிக் செய்து, ஆட்டோமேட்டிக் என்று மாற்றி, அப்ளை கொடுங்கள். பிறகு முதலில் எண்ட்பாயின்ட் பில்டரைக் கிளப்புங்கள், அடுத்து விண்டோஸ் ஆடியோவை. இரண்டுமே ஓடிக்கொண்டிருந்தும் சத்தம் வராவிட்டால் எண்ட்பாயின்ட் பில்டரை ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அதை நம்பியிருக்கும் விண்டோஸ் ஆடியோவையும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். நிறைய வீடுகளில் இந்த இடத்திலேயே சத்தம் வந்துவிடும்.

5. மேல்மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாயைக் கழற்றுவதற்கு முன் தொட்டி, மோட்டார், கிணறு என்று கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டு போவோம். ஆடியோ சர்வீஸுக்கும் அதே முறைதான். விண்டோஸ் ஆடியோவை இரட்டைக் கிளிக் செய்து டிபென்டன்சீஸ் என்ற தாவலைத் திறங்கள். மேல்பெட்டியில் இருப்பவை இது நம்பியிருக்கும் சர்வீஸ்கள். எண்ட்பாயின்ட் பில்டரும் ரிமோட் ப்ரொசீஜர் கால் என்ற சர்வீஸும் அங்கே இருக்கும். ஒவ்வொன்றின் இடப்பக்கக் குறியையும் விரித்துப் பார்த்தால் அதற்கும் அடியில் இருப்பவை தெரியும். ஒரு தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொண்டு, பட்டியலுக்குத் திரும்பி வந்து, அடியில் இருப்பதில் தொடங்கி ஒவ்வொன்றாக ஓடுகிறதா என்று சரிபாருங்கள்.

பிளக் அண்ட் ப்ளே சர்வீஸுக்கு எதிரே மேனுவல் என்று இருந்தால் பதற வேண்டாம். அதன் இயல்பே அதுதான். ரன்னிங் என்று இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். ரிமோட் ப்ரொசீஜர் காலின் பட்டன்கள் எல்லாம் மங்கலாக இருக்கும். அது நாம் கை வைக்கக் கூடாத இடம் என்பதால் விண்டோஸே பூட்டி வைத்திருக்கிறது. அது ஓடவில்லை என்றால் சத்தம் மட்டுமா போகும், கம்ப்யூட்டரின் பாதி வேலைகள் நின்றிருக்கும்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் மல்டிமீடியா கிளாஸ் ஷெட்யூலர் என்ற இன்னொரு சர்வீஸையும் கட்டாயம் பாருங்கள். அந்தப் பதிப்பில் விண்டோஸ் ஆடியோ அதையும் நம்பியிருந்தது. "கம்ப்யூட்டர் வேகமாகும்" என்று யாரோ சொல்லக் கேட்டு அதை நிறுத்தி வைத்திருந்தால் சத்தம் வராது.

6. கிளப்பும்போது பிழை வந்தால் அந்தப் பெட்டியை மூடும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள எண்தான் முக்கியம்.

1058 என்றால் சர்வீஸ் டிஸேபிள் ஆகியிருக்கிறது. 4-ஆம் குறிப்பில் சொன்னபடி மாற்றினால் தீர்ந்தது. 1068 என்றால் அதற்குக் கீழே உள்ள ஒன்று கிளம்பவில்லை, 5-ஆம் குறிப்பு. 1053 என்றால் சர்வீஸ் உரிய நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை. விண்டோஸ் வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும். பழைய ஹார்டு டிஸ்க் வைத்த கம்ப்யூட்டர் ஆன் ஆகும் நேரத்தில் திணறும்போது இது வருவதுண்டு. ஐந்து நிமிடம் பொறுத்துக் கையால் கிளப்பிப் பாருங்கள். 1067 என்றால் கிளம்பியது, ஆனால் நடுவில் விழுந்துவிட்டது. டிரைவர் மேல் சந்தேகப்படலாம். 126 என்றால் சர்வீஸுக்கு வேண்டிய கோப்பு அதன் இடத்தில் இல்லை, 12-ஆம் குறிப்பு. வெறும் 5 என்று வந்தால் அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. முதலில் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தீர்களா என்று பாருங்கள். திறந்தும் அதே எண் வந்தால் உள்ளே அனுமதிகள் கலைந்திருக்கின்றன என்று பொருள். சிஸ்டம் ரீஸ்டோர் அதற்கு நல்ல வழி, 15-ஆம் குறிப்பு.

7. 1079 மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய எண். ஒவ்வொரு சர்வீஸும் ஏதாவது ஒரு கணக்கின் பெயரில்தான் ஓடும். ஒரே ப்ராசஸுக்குள் சேர்ந்து ஓடும் சர்வீஸ்கள் எல்லாம் ஒரே கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் ஒன்று மாறிப்போனால் 1079 வருகிறது. 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1703 முதல், 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலான சர்வீஸ்களைத் தனித்தனி ப்ராசஸில் ஓட்டுகிறார்கள். அதனால் இந்த எண்ணைப் பழைய, ராம் குறைந்த கம்ப்யூட்டர்களில்தான் அதிகம் எதிர்பார்க்கலாம்.

சரிசெய்வது எளிது. விண்டோஸ் ஆடியோவை இரட்டைக் கிளிக் செய்து லாக் ஆன் தாவலுக்குப் போங்கள். திஸ் அக்கவுண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, பெட்டியில் லோக்கல் சர்வீஸ் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். கீழே உள்ள இரண்டு பாஸ்வேர்ட் பெட்டிகளையும் முழுக்க அழித்துக் காலியாக விடுங்கள். அந்தக் கணக்குக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. அப்ளை கொடுத்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள். எண்ட்பாயின்ட் பில்டருக்கு இதே மாற்றத்தைச் செய்துவிடாதீர்கள்; அது லோக்கல் சிஸ்டம் கணக்கில் ஓட வேண்டியது.

இதற்கு இன்னொரு வைத்தியமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. லோக்கல் சர்வீஸ், நெட்வொர்க் சர்வீஸ் இரண்டு கணக்குகளையும் அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் சேர்க்கும் இரண்டு வரிக் கட்டளை. சில கம்ப்யூட்டர்களில் சத்தம் வந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். அந்தக் கணக்குகளுக்கு வேண்டுமென்றேதான் குறைந்த உரிமை கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் ஓடும் ஏதோ ஒரு சர்வீஸில் ஓட்டை இருந்து வெளியாள் புகுந்தாலும், முழுக் கம்ப்யூட்டரும் அவர் கைக்குப் போகாமல் இருப்பது அந்தக் குறைந்த உரிமையால்தான். ஒரு பாட்டுக் கேட்பதற்காக அந்தக் காவலை எடுத்துவிடக் கூடாது. ஏற்கெனவே செய்திருந்தால், சத்தம் சரியான பின் அவற்றைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள்.

8. டிரைவருக்கு வருவோம். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். சவுண்ட், வீடியோ, கேம் கன்ட்ரோலர்கள் என்ற பகுதியை விரித்தால் ரியல்டெக் போன்ற ஒரு பெயர் இருக்கும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவரில் கோளாறு. கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ டிஸேபிள் செய்திருக்கிறார்கள். ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் போதும். புதிய லேப்டாப்களில் ஆடியோவுக்கு உரிய இன்டெல் சாதனம் ஒன்று சிஸ்டம் டிவைசஸ் பகுதியில் இருக்கும். அங்கேயும் மஞ்சள் குறி இருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள்.

சமீபத்தில் அப்டேட் ஆன பிறகு சத்தம் போயிருந்தால், சாதனத்தின் பிராப்பர்டீஸில் டிரைவர் தாவலில் ரோல் பேக் பட்டனை அழுத்துங்கள். அது மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே மறுபடி டிரைவரைப் போடும். அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவர் மென்பொருளையும் நீக்கவா என்று ஒரு கட்டம் வரும். முதல்முறை அதில் டிக் போடாதீர்கள். இதிலும் சரியாகாவிட்டால் அப்டேட் டிரைவர் போய், கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்வு செய்கிறேன் என்ற வழியில் ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது மைக்ரோசாஃப்டின் பொதுவான டிரைவர். ஈக்வலைசர் போன்ற அலங்காரங்கள் இருக்காது, ஆனால் சத்தம் வரும். இதில் சத்தம் வந்தால் கோளாறு கம்பெனி டிரைவரில்தான் என்று உறுதியாகிவிடும். பிறகு லேப்டாப் தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்தில், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

9. சர்வீஸ் ஓடுகிறது, சில நிமிடத்தில் விழுகிறது, மறுபடி எழுகிறது என்றால் ஒலி மெருகூட்டும் மென்பொருள்களைப் பாருங்கள். பாஸ் கூட்டுவது, சரவுண்ட் போல ஒலிக்கச் செய்வது போன்ற வேலைகளுக்கு மற்ற கம்பெனிகள் எழுதிய சிறு மென்பொருள்கள் ஆடியோவின் நடுவே உட்காரும். அவை தடுக்கி விழுந்தாலும் முழு ஆடியோ சர்வீஸையும் இழுத்துக்கொண்டு விழக் கூடாது என்பதற்காகத்தான் விண்டோஸ் அவற்றைத் தனி ப்ராசஸில் வைக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஆடியோ டிவைஸ் கிராஃப் ஐசோலேஷன் என்ற பெயரில் தெரிவது அதுவே. வைரஸ் என்று நினைத்து அதை நீக்கப் பார்க்காதீர்கள். 2024 இறுதியில் விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட் வந்தபோது, டிராக் என்ற கம்பெனியின் ஒலி மெருகூட்டும் மென்பொருள் இருந்த சில கம்ப்யூட்டர்களில் சத்தமே நின்றுபோனது. புதிய டிரைவர் தயாராகும் வரை அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்தது. செட்டிங்ஸில் சவுண்ட் பகுதியில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்ற வரி வரும். அதை ஆஃப் செய்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

10. கடைசியாக என்ன மாறியது என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். கோபப்படாமல் கேட்டால்தான் பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும், வேகப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ளும் மென்பொருள்கள் தேவையில்லாத சர்வீஸ் என்று நினைத்து ஆடியோ சர்வீஸை முடக்கிவிடுவதுண்டு. அவற்றுக்கு உள்ளேயே செய்ததைத் திரும்பப் பெறும் வசதி இருந்தால் பயன்படுத்திவிட்டு, பிறகு அந்த மென்பொருளை நீக்குங்கள்.

எந்த மென்பொருள் என்று தெரியாவிட்டால் ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறங்கள். சர்வீசஸ் தாவலின் அடியில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் முதலில் டிக் போட்ட பிறகே மீதியை டிஸேபிள் செய்ய வேண்டும். இந்த வரிசை மாறினால் விண்டோஸின் சொந்தச் சர்வீஸ்களும் சேர்ந்து நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தபின் சத்தம் வந்தால், மீதியைச் சில சிலவாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். எதைச் சேர்த்ததும் சத்தம் போகிறதோ அதுதான் காரணம்.

11. விண்டோஸ் நாட்குறிப்பு எழுதுகிறது. ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் என்ற பெயரோடு சிவப்புக் குறியுள்ள வரிகளை மட்டும் பாருங்கள். 7000 என்றால் சர்வீஸ் கிளம்பவில்லை, 7001 என்றால் அதற்குக் கீழே உள்ளது கிளம்பாததால் இதுவும் நின்றது, 7009 என்றால் காத்திருந்த நேரம் கடந்துவிட்டது, 7023 என்றால் பிழையோடு முடிந்தது. 7001 வரியில் எந்தச் சர்வீஸ் எதற்காகக் காத்திருந்தது என்று இரண்டு பெயரும் இருக்கும். 5-ஆம் குறிப்பில் தாளில் எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மற்ற மஞ்சள், சிவப்பு வரிகளைப் பார்த்துக் கலங்க வேண்டாம். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அவை இருக்கும்.

12. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருந்தால் அதற்கான மருந்து விண்டோஸிலேயே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தேடி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். கறுப்புப் பெட்டியில் எஸ், எஃப், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, வலப்பக்கம் சாயும் சாய்கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்ற சொல்லை இடைவெளியின்றி எழுதி என்டர் தட்டுங்கள். சிதைந்த கோப்புகளைக் கண்டுபிடித்து, சேமிப்பில் இருக்கும் நல்ல பிரதியை அதுவே எடுத்துப் போடும். நேரம் பிடிக்கும், பெட்டியை மூடாதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை என்று அது சொன்னால், சேமிப்பில் இருக்கும் பிரதியே கெட்டிருக்கிறது. டிஸ்ம் என்ற கருவி, விண்டோஸ் அப்டேட் வழியாக நல்ல பிரதியை இறக்கித் தரும். அதற்கு இன்டர்நெட் வேண்டும். அதன் கட்டளை நீளமானது, ஓர் எழுத்து பிசகினாலும் ஓடாது. மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்திலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுவதுதான் நல்லது. அது முடிந்தபின் ஸ்கேன்நவ் கட்டளையை இன்னொரு முறை கொடுங்கள்.

13. காணாமல்போன ஒரு டிஎல்எல் கோப்பையோ, சர்வீஸைச் சரிசெய்யும் ரெஜிஸ்ட்ரி கோப்பையோ முன்பின் தெரியாத தளத்திலிருந்து இறக்காதீர்கள். வேறொரு பதிப்பின் கோப்பு உங்கள் விண்டோஸில் பொருந்தாது. அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது. பிழை எண்ணைக் கொண்டு தேடும்போது "உடனே அழையுங்கள்" என்று போன் எண் போட்ட பக்கங்களும் எட்டிப்பார்க்கும். அழைத்தால், கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்பார்கள், பிறகு பணம் கேட்பார்கள். வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்தியாவில் அப்படிப் பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

14. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்குத் தனிக் கவனம் தேவை. நமக்குச் சத்தம் போனால் பாட்டுத்தான் போகும். என்விடிஏ போன்ற திரைவாசிப்பானை நம்பிப் படிப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் ஆடியோ சர்வீஸ் நின்றால் கம்ப்யூட்டரே இல்லாமல் போகிறது. பிழை என்ன என்று சொல்லும் குரலும் அதே சர்வீஸ் வழியாகத்தான் வர வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2006-இல் மைக்கேல் கரன் தொடங்கிய இலவச மென்பொருள் என்விடிஏ. அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும் என்பதால் நம் மாணவர்களுக்கும் அது பெரிய துணை.

சத்தம் இல்லாமலே ரீஸ்டார்ட் கொடுக்க ஒரு வழியை விரல்களுக்குப் பழக்கி வைக்கலாம். ஆங்கில விண்டோஸில் விண்டோஸ் விசையோடு எக்ஸ், விட்டுவிட்டு யூ, அடுத்து ஆர். இந்த மூன்று தட்டலில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். வந்தபின் விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நரேட்டர் பேசுகிறதா என்று தெரிந்துவிடும். பிரெய்ல் டிஸ்ப்ளே வைத்திருப்பவர்கள் அதை இணைத்தால் போதும், ஆடியோ இல்லாமலே திரை கைக்கு வந்துவிடும். அது இல்லாதவர்கள் வீடியோ அழைப்பில் போனின் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து, நம்பிக்கையான ஒருவரை வாசிக்கச் சொல்லலாம்.

வீட்டில் பார்வையுள்ளவர் செய்து கொடுக்கக்கூடிய ஏற்பாடுகள் இரண்டு. ஒன்று, இரண்டு ஆடியோ சர்வீஸ்களின் பிராப்பர்டீஸிலும் ரெகவரி தாவலில் மூன்று வரிகளுக்கும் ரீஸ்டார்ட் த சர்வீஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து வைப்பது. விழுந்தால் தானாக எழும். மற்றொன்று, நான்கு வரிகளில் ஒரு சிறு பேட்ச் கோப்பு. முதல் இரண்டு வரி நெட் ஸ்டாப், அடுத்த இரண்டு வரி நெட் ஸ்டார்ட். நிறுத்தும்போது விண்டோஸ் ஆடியோ முதலில், எண்ட்பாயின்ட் பில்டர் பிறகு. கிளப்பும்போது அப்படியே தலைகீழ். விண்டோஸ் ஆடியோவின் உட்பெயர், ஆடியோ என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டி எஸ், ஆர், வி. மற்றதன் உட்பெயர், ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர் என்ற மூன்று சொற்களும் இடைவெளியின்றிச் சேர்ந்தது. அந்தக் கோப்புக்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் உருவாக்கி, அதன் பிராப்பர்டீஸில் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும்படி வைத்து, கன்ட்ரோல், ஆல்ட்டோடு ஓர் எழுத்தைச் சேர்த்துச் சாவியாகக் கொடுங்கள். அழுத்தியதும் அனுமதி கேட்கும் பெட்டி வரும். ஆல்ட், ஒய் அழுத்தினால் ஒப்புக்கொள்ளும். அவர் யாரையும் எதிர்பார்க்காமல் தன் கம்ப்யூட்டரைத் தானே மீட்டுக்கொள்வார்.

15. சிஸ்டம் ரீஸ்டோர் ஆன் செய்து வைத்திருந்தவர்களுக்கு, சத்தம் ஒழுங்காக இருந்த ஒரு நாளுக்குத் திரும்பிப் போகும் வழி இருக்கிறது. உங்கள் படங்கள், ஆவணங்கள் தொடப்பட மாட்டா. அந்த நாளுக்குப் பிறகு போட்ட மென்பொருள்களும் டிரைவர்களும் மட்டும் போய்விடும். பல கம்ப்யூட்டர்களில் இந்த வசதி ஆஃப் ஆகியே இருக்கிறது. சத்தம் சரியான பிறகு, கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் ப்ரொடெக்ஷன் பகுதியில் சி டிரைவுக்கு அதை ஆன் செய்துவிடுங்கள்.

16. எதுவும் பலிக்காவிட்டாலும் ஃபார்மட்டுக்கு முன் ஒரு படி மீதமிருக்கிறது. புதிய விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால், விண்டோஸ் அப்டேட் வழியாக இப்போதுள்ள பதிப்பையே மறுபடி போட்டுக்கொள்ளும் பட்டன் இருக்கும். கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்க, விண்டோஸ் மட்டும் புதிதாகும். எதற்கும் முக்கியமானவற்றை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் 11-ஐத் தாங்கும் என்றால், மாறிக்கொள்வதைப் பற்றி யோசிக்க இது ஒரு நேரம்.

17. மேக் வைத்திருப்பவர்கள் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து, கோர்ஆடியோடி என்ற ப்ராசஸைத் தேடி நிறுத்தினால் அது தானாக மறுபடி கிளம்பும். லினக்ஸில் 2022 அக்டோபரில் வந்த உபுண்டு 22.10 முதல் ஆடியோவைப் பைப்வயர் பார்த்துக்கொள்கிறது. அது உங்கள் கணக்கின் கீழ் ஓடுவதால் சுடோ போட்டுக் கிளப்பக் கூடாது; சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் யூசர் என்ற குறிப்பைச் சேர்த்துப் பைப்வயரையும் வயர்ப்ளம்பரையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

18. கடைக்கே கொண்டுபோவதானால் வெறுமனே "சவுண்டு வரலை" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். பிழை எண்ணின் படம், சத்தம் போவதற்கு முன் செய்த அப்டேட், இதுவரை நீங்கள் செய்து பார்த்தவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். யூஎஸ்பி ஹெட்செட் ஒன்றை மாட்டிப் பார்த்து அதன் முடிவையும் எழுதுங்கள். சர்வீஸ் ஓடும்போது யூஎஸ்பியில் சத்தம் வந்து, உள் ஸ்பீக்கரில் மட்டும் வரவில்லை என்றால் ஸ்பீக்கர், அதன் வயர், போர்டில் உள்ள ஆடியோ சிப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். யூஎஸ்பியிலும் வராவிட்டால் விண்டோஸைத்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம் என்று அந்தத் தாளின் மேலேயே பெரிதாக எழுதி, உங்கள் போன் எண்ணையும் குறித்துக் கொடுங்கள்.